டெமோ ஸ்டேஜிலிருந்து உண்மையான நோயாளிகளுக்குச் செய்தி போய்விட்டது: சூழல் மாறிகளை எப்படிப் பிரிப்பது?

நொய்யல்_கரை எழுதியது:

வணக்கம். கரூரில் மூன்று பேர் கொண்ட சிறிய குழுவாக வேலை செய்கிறோம். ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்காக ஒரு செயலி செய்து கொடுத்திருக்கிறோம். மாதிரி எடுத்ததும் பதிவு செய்ய வேண்டும், முடிவு வந்ததும் நோயாளியின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. ஏடபிள்யூஎஸ் லாம்டாவில் (சர்வரை நாம் பராமரிக்காமல், நிரலைத் தேவைப்படும்போது மட்டும் ஓட்டித் தரும் அமேசான் கிளவுட் சேவை), மும்பை ரீஜனில் ஓடுகிறது. நிரலுக்கு நோட் ஜேஎஸ் (சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்), அதைக் கிளவுடில் ஏற்ற சர்வர்லெஸ் ஃபிரேம்வொர்க் மூன்றாம் பதிப்பு, தரவைச் சேமிக்க டைனமோடிபி. டைனமோடிபி அட்டவணைகளைத் தனி ஸ்டாக்கில் (ஒன்றாக உருவாக்கி ஒன்றாக அழிக்கும் தொகுப்பு) வைத்திருக்கிறோம். இதுவரை டெவ் (நாங்கள் சோதித்துப் பார்க்க), ப்ராட் (உண்மையான பயன்பாட்டுக்கு) என்று இரண்டே ஸ்டேஜ்கள், அதாவது ஒரே செயலியின் தனித்தனி நிறுவல்கள். இரண்டும் ஒரே ஏடபிள்யூஎஸ் கணக்கில்தான் இருக்கின்றன.

போன செவ்வாய்க்கிழமை, புதிதாக வரவிருந்த நிலையம் ஒன்றுக்குக் காட்டுவதற்காக டெமோ என்ற மூன்றாவது ஸ்டேஜை டிப்ளாய் செய்தேன், அதாவது கிளவுடில் ஏற்றினேன். கூட்டத்தில் யாரும் காத்திருக்கக் கூடாது என்று, டெமோவுக்கான நிரல் கிளையில் மட்டும், மாதிரி பதிவானவுடனேயே முடிவு தயார் என்று கொள்ளும்படி நிரலை மாற்றியிருந்தேன். முடிவு தயாரான பதிவுகளைத் தேடிச் செய்தி அனுப்பும் ஃபங்ஷன் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். மாலை 4 மணிக்கு டிப்ளாய் முடிந்தது. 4.15 வாக்கில் அந்த ஃபங்ஷன் முதன்முறையாக ஓடியது. "உங்கள் பரிசோதனை முடிவு தயார், நிலையத்தில் பெற்றுக்கொள்ளவும்" என்று 63 பேருக்குச் செய்தி போய்விட்டது. 63 பேரும் எங்கள் வாடிக்கையாளரின் உண்மையான நோயாளிகள்.

மறுநாள் காலை குளித்தலைப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெரியவர் முதல் பஸ் பிடித்து வந்து கவுண்டரில் நின்றிருக்கிறார். அவருடைய முடிவு வர இன்னும் மூன்று நாள் இருந்தது. நிலையத்திலிருந்து அழைத்தார்கள், நானே போய் அவரிடம் பேசினேன். "தயார் என்று செய்தி வந்ததே, இப்போது இல்லை என்கிறீர்கள். ஏதாவது கெட்ட செய்தி என்று மறைக்கிறீர்களா, தம்பி?" என்று கேட்டார். கணினியில் நடந்த தவறு என்று நான் சொன்னதை அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

காரணத்தை ஓரளவு கண்டுபிடித்துவிட்டேன். யாமல் கோப்பின் (ஃபிரேம்வொர்க்குக்கான அமைப்புகளை எழுதும் கோப்பு) கஸ்டம் பகுதியில் அட்டவணைப் பெயர், குறுஞ்செய்திச் சேவையின் சாவி ஆகியவற்றை ஸ்டேஜ் வாரியாக எழுதியிருந்தோம். அவற்றை எடுத்துக்கொள்ளும் வரியில், அந்த ஸ்டேஜுக்கு மதிப்பு இல்லையென்றால் ப்ராட் மதிப்பை எடுத்துக்கொள் என்று காற்புள்ளி போட்டு எழுதியிருந்தது. ஈராண்டுக்கு முன் நான்தான் அப்படி எழுதினேன். டெமோவுக்கு இவற்றில் எதற்கும் நான் மதிப்பு கொடுக்கவில்லை. எல்லாமே ப்ராட்டிலிருந்து வந்துவிட்டன.

எனக்குப் புரியாதது வேறு. செய்தி அனுப்ப வேண்டுமா என்பதற்குத் தனியாக ஒரு சூழல் மாறி (நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு மதிப்பு) வைத்திருக்கிறோம். டெமோவில் அதற்கு ஃபால்ஸ் (பொய், அதாவது அனுப்பாதே) என்று நானே கையால் எழுதினேன். லாம்டா கன்சோலிலும் ஃபால்ஸ் என்றுதான் இருக்கிறது. பிறகு எப்படிச் செய்தி போனது?

ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் "சோதனை" என்று சேர்க்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் டிஎல்டியில் (வணிகக் குறுஞ்செய்திகளைப் பதிவு செய்யும் தொலைத்தொடர்பு அமைப்பு) பதிவு செய்த வார்ப்புருவோடு பொருந்தாத செய்தியை அனுப்பவே விடமாட்டார்கள். எனவே எந்த ஸ்டேஜிலிருந்து போனாலும் பெறுபவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

ஸ்டேஜ்களுக்கான மாறிகளையும் ரகசியச் சாவிகளையும் நீங்கள் எப்படிப் பிரித்து வைக்கிறீர்கள்? எனக்கு வேண்டியது, இது மறுபடி நடக்கவே முடியாத ஓர் ஏற்பாடு. இனி கவனமாக இருப்பேன் என்று நிலையத்துக்காரரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

---

பின்னிரவு எழுதியது:

அந்த ஃபால்ஸ் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். சூழல் மாறி எதுவானாலும் உங்கள் நிரலுக்குள் எழுத்துச்சரமாகத்தான் வந்து சேரும். யாமலில் நீங்கள் எழுதியது பூலியன், அதாவது உண்மை அல்லது பொய் என்ற மதிப்பு. லாம்டாவுக்குப் போய்ச் சேர்ந்ததோ ஐந்து எழுத்துகள் கொண்ட சரம். ஜாவாஸ்கிரிப்டில் காலியாக இல்லாத எந்தச் சரமும் உண்மைதான். உங்கள் நிரலில் அந்த மாறியை நேரடியாக 'இஃப்' நிபந்தனைக்குள் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் அந்தச் சுவிட்ச் எழுதிய நாளிலிருந்தே வேலை செய்யவில்லை. ட்ரூ என்ற சரத்துக்குச் சமமா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அனுப்பு என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே அனுப்ப வேண்டும், வேறு எது வந்தாலும் அனுப்பக் கூடாது.

இதே குடும்பத்தில் இன்னொன்றும் உண்டு. பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண்கள், அதாவது கணக்கு எண், தொலைபேசிக் குறியீடு போன்றவற்றை யாமலில் எப்போதும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இல்லையென்றால் எண்ணாகப் படிக்கப்பட்டு வேறு மதிப்பாகிவிடும்.

---

மணிமுத்தாறு எழுதியது:

தம்பி, மற்றதையெல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். டெமோ ஃபங்ஷன் ப்ராட் அட்டவணையைப் படித்தது மட்டும்தானா, எழுதவும் செய்ததா? செய்தி அனுப்பிய பிறகு "அனுப்பப்பட்டது" என்று பதிவில் குறியிடும் வழக்கம் உங்கள் நிரலில் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அந்த 63 பேருக்கும் உண்மையான முடிவு வரும்போது செய்தி போகாது. ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது என்று ப்ராட் ஃபங்ஷன் அவர்களைத் தாண்டிப் போய்விடும். பொய்ச் செய்தி வந்து அலைந்தவருக்கு மெய்ச் செய்தியும் வராமல் போகக் கூடாது. இதைப் படித்த உடனே பாருங்கள்.

இனி ஏற்பாட்டுக்கு வருகிறேன். நான் சென்னையில் எட்டுப் பேர் கொண்ட குழுவில் இருக்கிறேன், லாம்டாவில் ஏழு ஆண்டு வேலை. என் உறுதியான கருத்து ஒன்றுதான். ஒரு ஸ்டேஜுக்கு மதிப்பு இல்லையென்றால் டிப்ளாய் அங்கேயே நின்றுவிட வேண்டும். இன்னொரு ஸ்டேஜின் மதிப்பைக் கடன் வாங்கக் கூடாது, அதுவும் ப்ராட்டிடமிருந்து ஒருபோதும் கூடாது. அந்தக் காற்புள்ளியையும் அதன் பின்னால் இருப்பதையும் அழித்துவிடுங்கள். மூன்றாம் பதிப்பில், மதிப்பு கிடைக்காத மாறிக்கு மாற்று மதிப்பும் இல்லையென்றால் ஃபிரேம்வொர்க் பிழை காட்டி நின்றுவிடும். அன்றே அந்தப் பிழை வந்திருந்தால் உங்கள் செவ்வாய்க்கிழமை இரண்டு நிமிட எரிச்சலோடு முடிந்திருக்கும்.

ஸ்டேஜ் வாரியாக எழுத பாராம்ஸ் என்ற பகுதி இருக்கிறது, கஸ்டம் பகுதியை விட அது தெளிவானது. ஆனால் அதற்குள்ளும் டிஃபால்ட் என்று ஓர் உட்பகுதி உண்டு, அதே பள்ளம் அங்கேயும் இருக்கிறது. லாக் அளவு, மெமரி, டைம்அவுட் போல யாருக்கும் தீங்கு வராதவற்றை மட்டும் டிஃபால்ட்டில் வையுங்கள். அட்டவணைப் பெயர், வெளிச்சேவை முகவரி, சாவி எதையும் அங்கே வைக்காதீர்கள். கால அட்டவணைப்படி ஓடும் ஃபங்ஷன்களை இயக்குவதா வேண்டாமா என்பதையும் ஸ்டேஜ் வாரியாக அங்கேயே எழுதலாம். ப்ராட்டைத் தவிர மற்ற இடங்களில் அது அணைந்தே இருக்கட்டும், தேவைப்படும்போது கையால் ஓட்டிக்கொள்ளலாம்.

ஆனாலும் இதெல்லாம் எழுத்துப் பிழையைத்தான் தடுக்கும். நாளைக்கு யாராவது டெமோவுக்கு நேரே ப்ராட் அட்டவணையின் பெயரை எழுதினால்? அப்போது தடுக்க வேண்டியது அனுமதி. உங்கள் ஐஏஎம் ரோலில் (ஃபங்ஷன் எதையெல்லாம் தொடலாம் என்று சொல்லும் அனுமதித் தொகுப்பு) அட்டவணை அனுமதியை நட்சத்திரக் குறி போட்டு எல்லா அட்டவணைக்கும் கொடுத்திருப்பீர்கள். இல்லாவிட்டால் டெமோ ரோலால் ப்ராட் அட்டவணையைத் தொட்டிருக்கவே முடியாது. ரோலில் அந்தந்த ஸ்டேஜின் அட்டவணைப் பெயரை முழுமையாக எழுதுங்கள். இதைவிட வலுவான வழி, ப்ராட்டைத் தனி ஏடபிள்யூஎஸ் கணக்குக்கே கொண்டுபோவது. பல கணக்குகளை ஒன்றாக நிர்வகிக்கும் ஆர்கனைசேஷன்ஸ் சேவைக்குத் தனிக் கட்டணம் இல்லை, எல்லாக் கணக்குகளுக்கும் சேர்த்து ஒரே பில் வரும். வேறு கணக்கில் இருக்கும் அட்டவணைக்கு வெறும் பெயரை வைத்துப் போய்ச் சேர முடியாது. ஒரே பெயராக இருந்தாலும் டெமோ தன் கணக்கில்தான் தேடும், இல்லை என்று பிழை வரும். புதிய கணக்கில் எஸ்இஎஸ் மின்னஞ்சல் சேவை சாண்ட்பாக்ஸில்தான் (கட்டுப்பாடுகள் உள்ள சோதனை நிலையில்தான்) தொடங்கும்: சரிபார்க்கப்பட்ட முகவரிகளுக்கு மட்டும், 24 மணி நேரத்தில் 200 மின்னஞ்சல்கள். அந்தத் தடையை நீக்கச் சொல்லிப் பலர் விண்ணப்பிப்பார்கள். டெவ் கணக்கில் நான் அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

சாவிகளைப் பற்றி: குறுஞ்செய்திச் சாவி யாமல் கோப்பிலேயே இருந்தது என்கிறீர்கள். அப்படியானால் அது கிட் (நிரலின் பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கருவி) வரலாற்றிலும் இருக்கிறது. கோப்பிலிருந்து அழித்தால் மட்டும் போதாது, சேவை நிறுவனத்திடம் சொல்லிச் சாவியையே மாற்றுங்கள். பிறகு ஏடபிள்யூஎஸ்ஸின் பாராமீட்டர் ஸ்டோரில் (அமைப்பு மதிப்புகளைச் சேமிக்கும் சேவை) செக்யூர்ஸ்ட்ரிங் வகையாக, அதாவது மறையாக்கம் செய்து, வையுங்கள். செயலியின் பெயர், ஸ்டேஜ், சேவை, சாவி என்ற வரிசையில் சாய்கோடு போட்டுப் பெயர் வைத்தால், ஸ்டேஜ் வரைக்குமான முன்னொட்டை வைத்து ஐஏஎம் அனுமதி எழுதுவது எளிது. ஸ்டாண்டர்டு அடுக்கில் ஒரு ரீஜனுக்கு 10,000 பாராமீட்டர் வரை கட்டணம் இல்லை, ஒவ்வொன்றும் 4 கேபி வரை. ரகசியங்களுக்கென்றே உள்ள சீக்ரெட்ஸ் மேனேஜர் சேவையில் ஒரு ரகசியத்துக்கு மாதம் 0.40 டாலர். சாவியை அவ்வப்போது தானே மாற்றும் வசதி வேண்டுமென்றால் அதற்குப் போங்கள். உங்களுக்கு முதலாவதே போதும்.

இங்கே பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. யாமலில் எஸ்எஸ்எம் (பாராமீட்டர் ஸ்டோரைக் குறிக்கும் சொல்) என்று எழுதிப் பாராமீட்டரை எடுத்தால், டிப்ளாய் நேரத்திலேயே அதன் மறையாக்கம் நீங்கி, வெறும் எழுத்தாகக் கிளவுட்ஃபார்மேஷன் டெம்ப்ளேட்டுக்குள் (ஸ்டாக்கில் என்னென்ன உருவாக்க வேண்டும் என்ற விவரக் கோப்பு) போய்விடும். அந்த டெம்ப்ளேட் உங்கள் கணினியின் டாட் சர்வர்லெஸ் கோப்புறையிலும் இருக்கும், டிப்ளாய் செய்யும் எஸ்3 பக்கெட்டிலும் (ஏடபிள்யூஎஸ்ஸின் கோப்புச் சேமிப்பிடம்) இருக்கும். லாம்டா அமைப்பைப் படிக்க அனுமதி உள்ளவர்கள் கன்சோலிலும் அதைப் பார்க்கலாம். சூழல் மாறிகள் சேமிப்பில் மறையாக்கம் செய்யப்படுவது உண்மைதான், ஆனால் நீங்களாகத் தனி கேஎம்எஸ் சாவி (ஏடபிள்யூஎஸ்ஸின் மறையாக்கச் சாவி) வைக்காதவரை, படிக்க அனுமதி உள்ளவருக்கு அது திறந்தே இருக்கும். எனவே சூழல் மாறியில் சாவியின் பெயரை மட்டும் வையுங்கள். சாவியை ஃபங்ஷன் ஓடும்போது, ஹேண்ட்லருக்கு (ஒவ்வொரு அழைப்புக்கும் ஓடும் பகுதி) வெளியே ஒருமுறை எடுத்து நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அப்படி வைத்தால் சாவியை மாற்றிய பிறகும் ஏற்கெனவே சூடாக, அதாவது அடுத்த அழைப்புக்குத் தயாராக, இருக்கும் ஃபங்ஷன்கள் பழைய சாவியையே பிடித்துக்கொண்டிருக்கும். 2022 அக்டோபரில் ஏடபிள்யூஎஸ் இதற்கென்றே ஒரு லாம்டா எக்ஸ்டென்ஷன் (ஃபங்ஷனோடு சேர்ந்து ஓடும் துணை நிரல்) வெளியிட்டது. லேயராகச் சேர்த்துக்கொண்டு லோக்கல்ஹோஸ்டில் 2773ஆம் போர்ட்டில் கேட்டால் கொடுக்கும். இயல்பாக 300 விநாடி மட்டுமே நினைவில் வைத்திருக்கும். நாங்கள் அதைத்தான் பயன்படுத்துகிறோம், இதுவரை தொந்தரவு இல்லை.

கடைசியாக, எத்தனை அடுக்குக் காவல் போட்டாலும் செய்தி அனுப்பும் ஒரே ஒரு இடத்தில் இன்னொன்று போடுங்கள். ஸ்டேஜ் ப்ராட் இல்லையென்றால், உங்கள் மூவரின் எண்களைத் தவிர வேறு எந்த எண்ணுக்கும் அனுப்பக் கூடாது. பத்து வரி நிரல். மற்ற எல்லாம் தோற்றாலும் குளித்தலைப் பெரியவரின் கைப்பேசி சும்மா இருக்கும்.

---

கீழவாசல் எழுதியது:

மணிமுத்தாறு சொன்னதில் தனிக் கணக்கு என்பதோடு மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று பேர் கொண்ட குழு. கணக்குகளைப் பிரித்தால் ரோல்கள், லாக்கள், எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். நாங்கள் பிரித்தோம். ஆறு மாதத்துக்கு ப்ராட் கணக்கின் எச்சரிக்கைகளை யாருமே பார்க்கவில்லை என்பது ஒரு நாள் இரவு தெரியவந்தது. ஐஏஎம் ரோல்களைச் சரியாக எழுதுவதை முதலில் செய்யுங்கள், அதிலேயே பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

நாங்கள் இன்றும் ரகசியம் அல்லாத மதிப்புகளை ஸ்டேஜுக்கு ஒரு டாட் என்வ் கோப்பாகத்தான் வைத்திருக்கிறோம். படிக்க எளிது, இரண்டு கோப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட எளிது. நாங்கள் சேர்த்தது ஒன்றுதான்: ஃபங்ஷன் தொடங்கும்போதே எல்லா மாறிகளையும் ஸாட் நூலகத்தை வைத்துச் சரிபார்க்கிறோம். எது இருக்க வேண்டும், எது எண், எது இரண்டில் ஒன்று என்று ஒரே கோப்பில் எழுதியிருக்கிறோம். பொருந்தாவிட்டால் ஃபங்ஷன் தொடங்கவே தொடங்காது. அட்டவணைப் பெயரில் ஸ்டேஜின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும் விதியும் அதில் உண்டு. உங்கள் ஃபால்ஸ் சிக்கலும் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

இன்னொன்று. யாராவது உங்களிடம் லாம்டா ஏலியாஸ்களை (ஃபங்ஷனின் ஒரு வெர்ஷனைச் சுட்டும் மாற்றுப் பெயர்கள்) ஸ்டேஜாக வைத்துக்கொள்ளச் சொல்லலாம். வேண்டாம். ஒரு வெர்ஷனை வெளியிடும்போது நிரலோடு சூழல் மாறிகளும் உறைந்துவிடும், ஏலியாஸுக்கென்று தனி மாறி கிடையாது. அந்த வழியில் நான் இரண்டு வாரத்தை இழந்தேன்.

---

நொய்யல்_கரை எழுதியது:

மணிமுத்தாறு அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்திருந்தது. 63 பேரின் பதிவுகளிலும் அனுப்பப்பட்டது என்ற குறி இருந்தது. நான் பார்த்தபோது 22 பேருக்கு உண்மையான முடிவு வந்து, செய்தி போகாமல் நின்றிருந்தது. நிலையத்தாருடன் உட்கார்ந்து அந்த 22 பேரையும் தொலைபேசியில் அழைத்தோம். மற்ற 41 பேரின் பதிவுகளில் குறியை நீக்கிவிட்டோம், அவர்களுக்கு முடிவு வரும்போது செய்தி போகும். நீங்கள் எழுதியிருக்காவிட்டால் இது எங்களுக்குத் தெரிய எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. மிக்க நன்றி.

பின்னிரவு சொன்னதும் சரி. நேரே இஃப் நிபந்தனைக்குள்தான் இருந்தது. டெவ்விலும் அந்தச் சுவிட்ச் வேலை செய்திருக்கவில்லை. டெவ் அட்டவணையில் எங்கள் சொந்த எண்கள் மட்டுமே இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

இதுவரை செய்தவை: காற்புள்ளி மாற்று மதிப்புகளை எல்லாம் நீக்கிவிட்டோம், மொத்தம் பதினொன்று. மூவரின் எண்களுக்கு மட்டும் என்ற காவலைப் போட்டோம். ரோல்களில் இருந்த நட்சத்திரக் குறிகள் போய்விட்டன. குறுஞ்செய்திச் சாவியை மாற்றிவிட்டோம், புதியது பாராமீட்டர் ஸ்டோரில் இருக்கிறது. பிறகு வேண்டுமென்றே மதிப்பு எதுவும் கொடுக்காமல் புது ஸ்டேஜ் ஒன்றை டிப்ளாய் செய்து பார்த்தேன். முதல் மாறியிலேயே பிழை காட்டி நின்றது. அந்தச் சிவப்பு வரியைப் பார்த்தபோது இத்தனை நாளில் முதன்முறையாக மூச்சு சீரானது.

கணக்கைப் பிரிப்பது பற்றி மூவரும் பேசினோம். கீழவாசல் சொல்லும் சிரமம் புரிகிறது. ஆனாலும் பிரிக்கத்தான் போகிறோம், இது நோயாளிகளின் தரவு. எச்சரிக்கைகள் எல்லாம் ஒரே மின்னஞ்சலுக்கு வரும்படி முதலில் செய்துவிட்டு, அடுத்த மாதம் தொடங்குவோம்.

ஒரு கேள்வி மீதி. டெமோ ஸ்டேஜ் இன்னும் அங்கேயே இருக்கிறது, கால அட்டவணையை மட்டும் அணைத்து வைத்திருக்கிறேன். இன்றே ரிமூவ் கட்டளை கொடுத்து அழித்துவிடலாமா? அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

---

மணிமுத்தாறு எழுதியது:

22 பேரையும் அழைத்துப் பேசினீர்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது.

டெமோவை இன்றே அழிக்காதீர்கள். அட்டவணைகள் தனி ஸ்டாக்கில் இருப்பதால் தரவுக்கு ஆபத்து இல்லை. ஆனால் ஃபங்ஷன்களின் லாக் குரூப்புகளை (ஓடும்போது நடந்தவற்றின் பதிவுகள்) ஃபிரேம்வொர்க் அந்த ஸ்டாக்குக்குள்தான் உருவாக்கியிருக்கும். ரிமூவ் கொடுத்தால் அவையும் சேர்ந்து போய்விடும். யாருக்கு, எத்தனை மணிக்கு, எந்தச் செய்தி போனது என்பதற்கு உங்களிடம் இருக்கும் சான்று அது மட்டும்தான். நிலையத்தார் நாளைக்கே எழுத்தில் கேட்கலாம், கேட்க அவர்களுக்கு முழு உரிமை இருக்கிறது. கிளவுட்வாட்ச்சிலிருந்து (லாக்கள் சேரும் ஏடபிள்யூஎஸ் சேவை) அந்த லாக்களை எஸ்3க்கு ஏற்றுமதி செய்து, கோப்பைத் திறந்து 63 வரிகளும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, பிறகு அழியுங்கள்.

---

நொய்யல்_கரை எழுதியது:

ஏற்றுமதி செய்துவிட்டேன். 64 வரிகள் இருக்கின்றன. ஒருவருக்கு இரண்டு முறை போயிருக்கிறது, இரண்டு மாதிரி கொடுத்தவர். டெமோவை இன்னும் அழிக்கவில்லை. முதலில் நிலையத்துக்குப் போய் அந்தப் பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டு வருகிறேன்.